தோட்டத்துச் சோறு, பட்டணத்து உடம்பு

இனிப்பு நீர் வந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், எப்படி வந்தது என்று. "குடும்பத்துல இருக்குங்க" என்பார். அம்மாவுக்கு இருந்தது, பெரியம்மாவுக்குக் காலை எடுத்தார்கள், அண்ணனுக்கு நாற்பதில் வந்தது, எனக்கு முப்பத்தைந்தில். ஜாதகத்தில் எழுதி வைத்த மாதிரி சொல்லி முடித்துவிட்டு, எதிரே இருக்கும் தே தாரிக்கை எடுத்து ஒரு மடக்கு குடிப்பார். ஜாசின், மெர்லிமாவ், ஆலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று மலாக்காவில் எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் முதலில் விசாரிப்பது சம்பந்தி வீட்டைப் பற்றி, அடுத்தது சுகரைப் பற்றி.

குடும்பத்தில் இருக்கிறது என்பது பொய்யில்லை. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்கிறோமே, அதில்தான் எனக்கு வழக்கு.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் அது 31 விழுக்காட்டைத் தாண்டியது. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். 1986-இல் எடுத்த முதல் தேசிய ஆய்வில் நாட்டுச் சராசரி 6.3தான். வயது வரம்பும் சோதனை முறையும் ஆய்வுக்கு ஆய்வு மாறியிருப்பதால் இந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பேசக் கூடாது. இருந்தாலும் ஏற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. முப்பது வருஷத்தில் யாருடைய ரத்தமும் மாறிவிடாது. தாத்தா உடம்பில் ஓடிய அதே ரத்தம்தான் பேரனுக்கும். அப்படியானால் மாறியது வேறு ஏதோ.

மலாக்காவில் நம் கதை பெரும்பாலும் ரப்பரில் தொடங்குகிறது. 1896-இல் தான் சாய் யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் போட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுதான். அடுத்து புக்கிட் அசஹானில் பல ஆயிரம் ஏக்கரில் போட்டார். அதற்குப் பிறகு வந்த தோட்டங்களுக்குத்தான் கங்காணிமார் ஊர் ஊராகப் போய் நம் ஆட்களைக் கூட்டி வந்தார்கள். (அதற்கும் நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்ட மலாக்கா செட்டிகள் தனிக் கதை. காஜா பெராங்கில் இருக்கும் அவர்கள் பெலச்சானையும் தேங்காய்ப்பாலையும் தங்கள் அடுப்புக்குக் கொண்டுவந்து, பேச்சையே மலாய்க்கு மாற்றிக்கொண்டு, சாமியை மட்டும் விடாமல் வைத்திருப்பவர்கள். வேற்று மண்ணின் சாப்பாட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்வது இந்த ஊர்த் தமிழருக்குப் புதிதில்லை என்று சொல்லத்தான் அவர்களை இழுத்தேன்.)

தோட்டத்துக்கு வந்தவர் என்ன வேலை பார்த்தார், என்ன சாப்பிட்டார்? இருட்டோடு எழுந்து ஒரு வரக் கோப்பி. பெரட்டுக்குப் போய் நின்று பேர் கொடுத்துவிட்டு, விடிவதற்குள் நிரையில் இருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு 400, 500 மரம். ஒவ்வொரு மரத்திலும் குனிந்து நிமிர்ந்து வெட்டி, திரும்ப வந்து அதே மரங்களில் பாலெடுத்து, காண்டா போட்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோருக்கு. பிற்பகலில் வந்து தோட்டத்து மாட்டுக்குப் புல், அடுப்புக்கு விறகு. சாப்பாடு என்றால் சோறு, அதுவும் மலை மாதிரி. கூட கருவாடு, பருப்பு, லயத்துப் பின்னால் முளைத்த கீரை, முருங்கை, மரவள்ளிக் கிழங்கு. கோழி சம்பளத்தன்று. அந்த உடம்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது, போட்டதெல்லாம் மறுநாள் நிரையிலேயே செலவானது.

அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் ரத்தச் சோகையும் தின்ற உடம்புகள் அவை. நீரிழிவு வருகிற வயது வரை பலர் இருந்ததே இல்லை. இதை மறந்துவிட்டு "அந்தக் காலத்துல யாருக்கு இருந்தது சுகரு" என்று பேசுவது எனக்கு ஒத்துவராது.

ஆனால் அந்தச் சோற்றில் ஒரு சங்கதி உண்டு, சொல்லாமல் போக மனசு வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சுரங்கத்துச் சீனர்களிடம் அதிகம். தோட்டத்துத் தமிழர்களிடம் மிகக் குறைவு. பக்கத்து நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. 1907-இல் இதைப் பற்றி அவர் ஒரு புத்தகமே எழுதினார். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசரும் ஸ்டாண்டனும் சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளை அரிசியும் மறு பகுதிக்குப் புழுங்கலும் கொடுத்துப் பார்த்து, வெள்ளை அரிசிக்காரர்களுக்கே நோய் வருவதை உறுதி செய்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் சத்து அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது என்பது பின்னால் விளங்கியது. நம் பாட்டிகள் யாரும் ஆராய்ச்சி செய்து புழுங்கல் சாப்பிடவில்லை. ஊரில் பழகிய ருசியை விடாமல் வைத்திருந்தார்கள், அது அவர்களைக் காப்பாற்றியது.

இன்று நம் வீடுகளில் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளை அரிசி. தாய்லாந்து மண அரிசி, உள்ளூர் வெள்ளை அரிசி, விசேஷத்துக்குப் பாஸ்மதி. புழுங்கல் கடையில் இருக்கிறது, வயதானவர்கள் தேடி வாங்குகிறார்கள். பெரிபெரி இப்போது அநேகமாகக் கிடையாது, சரி. ஆனால் 2020-இல் வந்த பியூர் என்ற 21 நாட்டு ஆய்வு 1,32,000-க்கும் அதிகமானவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்துச் சொன்னது இது: ஒரு நாளில் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாகச் சாப்பிடுபவர்களைவிட நீரிழிவு வாய்ப்பு 20 விழுக்காடு அதிகம். தெற்காசியாவில் மட்டும் அந்த வித்தியாசம் 61 விழுக்காடு. 450 கிராம் சோறு என்பது பெரிய அளவில்லை. வாழையிலைக் கடையில் "இன்னும் கொஞ்சம்" என்று இரண்டாம் முறை கை காட்டினால் ஒரு வேளையிலேயே நெருங்கிவிடும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் குறைந்தது, லயங்கள் காலியாயின, பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாக மாறின. எங்கள் குடும்பமும் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தது. காண்டா போய் மோட்டார் சைக்கிள் வந்தது, விறகு போய் கேஸ் வந்தது. சோறு மட்டும் அதே அளவில் தொடர்ந்தது. அதற்கு மேல் சில புதுச் சாமான்களும் சேர்ந்தன: டின் பால், மைலோ, மேகி, மாலையில் கோரிங் பீசாங், இரவில் ரொட்டி சானாய்.

டின் பாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதன் எடையில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டி என்பது சுமார் 20 கிராம், அதில் 11 கிராம் சீனி. கடையில் தே கலக்குபவர் கரண்டியால் அளப்பதில்லை, டின்னைச் சாய்க்கிறார். இரண்டு கரண்டி விழுந்தாலே 22 கிராம். ஒரு நாளைக்கு வெளியிலிருந்து சேரும் சீனி 50 கிராமுக்குள் இருக்கட்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையில் பசியாறும்போது ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலை ஒன்று, இரவு நண்பர்களோடு பந்து பார்க்கும்போது ஒன்று என்று போனால் கணக்கை நீங்களே போடுங்கள். இன்னொரு கூத்தும் உண்டு. இன்றைக்குக் கடைகளில் ஊற்றும் டின்களில் பல, பசும்பாலே இல்லை. லேபிளைப் படித்தால் இனிப்புக் கிரீமர் என்று இருக்கும், அதில் உள்ள கொழுப்பு செம்பனை எண்ணெய். காலையில் செம்பனைக் காட்டில் குலை வெட்டியவர் மாலையில் அதையே தேயில் கலந்து குடிக்கிறார்.

அரசாங்கம் 2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது, 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் லிட்டருக்கு 40 சென். 2025 தொடக்கத்தில் அது 90 சென் ஆனது. நல்லதுதான். ஆனால் வரி போத்தலுக்கும் டின் பானத்துக்கும். ஒட்டுக் கடையில் உங்கள் கண் முன்னால் கலக்கும் தே தாரிக்குக்கு எந்த வரியும் இல்லை.

"மலாக்காக்காரங்களுக்கு குலா மலாக்கா ஒண்ணும் பண்ணாதுங்க, அது இயற்கை" என்று ஒரு வாதம் வரும், செண்டோல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. தென்னம்பாளையில் இறக்கிக் காய்ச்சிய வெல்லம்தான், மணம் அருமைதான். ஆனால் அதில் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். சாப்பிடுங்கள், இயற்கை என்ற பேரில் சாப்பிட வேண்டாம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 1860 தொடங்கி நட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் பேரன் பேத்திகளிடம் நீரிழிவு பெருகியிருந்ததை டர்பன் மருத்துவமனையில் ஜி. டி. கேம்பல் என்ற மருத்துவர் 1950, 60-களில் கவனித்து எழுதினார். இந்தியாவில் சாப்பிட்டதைவிட அவர்கள் அங்கே சாப்பிட்ட சீனி பல மடங்கு. நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்த சூலு மக்களையும் அவர் பார்த்தார். அவர்களுக்கு ரத்தமும் மரபும் வேறு. நகரச் சாப்பாட்டுக்கு மாறி ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து அவர்களிடமும் நீரிழிவு தலைகாட்டியது. இருபது வருஷ விதி என்றே அதற்குப் பேர் வைத்தார்கள். வந்த அன்றைக்கு ஒன்றும் தெரியாது, வேலையில் நிலைத்து, கல்யாணமாகி, பிள்ளை பெரிய பள்ளிக்கூடம் போகும்போது வந்து நிற்கும்.

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. லக்னோ, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர் தொழிற்சாலைகளில் கிராமத்திலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களையும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களின் உடன்பிறப்புகளையும் 2005 முதல் 2007 வரை பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே அம்மா அப்பா. ஆண்களில், ஊரில் தங்கியவர்களுக்கு நீரிழிவு 6 விழுக்காடு அளவில். நகரத்துக்கு வந்தவர்களுக்கு 14 விழுக்காட்டுக்கு மேல், பிறந்ததிலிருந்தே நகரத்தில் இருப்பவர்களுக்கு நிகராக. குடும்பத்துல இருக்குங்க என்பவரிடம் நான் சொல்வது இதைத்தான்: குடும்பத்தில் இருக்கிறது, ஆனால் அது அண்ணனை விட்டுவிட்டுத் தம்பியை மட்டும் ஏன் பிடித்தது?

ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். புனேயில் யாக்னிக் என்ற மருத்துவர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்தார். இங்கிலாந்துக் குழந்தையைவிட நம் குழந்தை எடை குறைவு, கை கால் ஒல்லி, ஆனால் தோலுக்கு அடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. நமக்குத் தசை குறைவு, கொழுப்பு வயிற்றைச் சுற்றி, ஈரலைச் சுற்றி. அதனால்தான் நமக்கு உடல் எடைக் குறியீடு 25 வரை போகலாம் என்ற கணக்கு ஒத்துவராது, 23-லேயே கவனம் வேண்டும் என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. கால்சட்டை அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் கால்சட்டையை நாம் தொப்பைக்குக் கீழே கட்டுகிறோம்.

இப்போது இன்று வருகிறவர்களைப் பார்ப்போம். மலாக்காவில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் ரொட்டி வீசுகிறவரும் தே கலக்குகிறவரும் ராமநாதபுரம், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துப் பையன்கள். இருபத்திரண்டு, இருபத்தைந்து வயது. நம் தாத்தா கப்பலில் வந்தார், இவர்கள் விமானத்தில் வருகிறார்கள், ஆனால் தாத்தாவுக்குக் கிடைத்த ஒன்று இவர்களுக்கு இல்லை: காட்டு வேலை. பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள், நிற்பது நடப்பதில்லை. சாப்பாடு கடையிலேயே. மீந்த சோறு, மீந்த குழம்பு, பொரித்த கோழி, வேண்டிய மட்டும் தே. ராத்திரி ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு ஒரு வயிறு சாப்பிட்டுப் படுத்தால் எழுவது பதினொரு மணிக்கு.

நான் அடிக்கடி போகும் கடையில் ஒரு தம்பி. ஊரில் இருக்கும்போது ஒல்லிப்பிச்சான், புகைப்படம் காட்டினான். இங்கே வந்து முகம் உப்பிவிட்டது. "ஊருக்குப் போட்டோ அனுப்பினா அம்மா சந்தோஷப்படுறாங்கண்ணே, புள்ள நல்லா இருக்கான்னு" என்றான். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். கடன் வாங்கிப் பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பிய தாய்க்குக் கன்னத்துச் சதைதான் முதல் நல்ல சேதி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கோயில் மருத்துவ முகாமில் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறான். "11.4-ண்ணே. எங்கப்பாவுக்கு 200 இருக்கும். நமக்குப் பரவாயில்ல" என்றான் சிரித்துக்கொண்டே. தமிழ்நாட்டில் சர்க்கரையை மில்லிகிராமில் சொல்வார்கள், மலேசியாவில் மில்லிமோலில். இங்கே காட்டும் எண்ணை 18-ஆல் பெருக்கினால்தான் ஊர்க் கணக்கு வரும். 11.4 என்பது 205. அப்பாவுக்கு இருக்கும் அதே அளவு, அப்பாவின் பாதி வயதில். கைபேசியில் பெருக்கிக் காட்டினேன். சிரிப்பு நின்றது. முகாமில் குத்தியவர் இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். கூட்டம், நேரமில்லை போல. விரல்நுனிச் சோதனையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, கையில் ரத்தம் எடுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

"பெர்மிட்டுக்கு மெடிக்கல் எடுத்தாங்களேண்ணே, பாஸ் ஆச்சே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஃபொமெமா வழியாக நடக்கும் அந்தச் சோதனையின் முக்கிய நோக்கம் காசநோய் மாதிரியான தொற்று நோய்கள். சிறுநீரில் சர்க்கரை பார்க்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 10-ஐ, ஊர்க் கணக்கில் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். வெறும் வயிற்றில் 7 என்றாலே நீரிழிவு. அந்த ஆரம்பக் கட்டத்தில் இருக்கும் ஆள் சிறுநீர்ச் சோதனையில் ஜம்மென்று தேறிவிடுவார். பாஸ் என்றால் வேலை செய்யலாம் என்று பொருள், நோயில்லை என்று பொருளில்லை.

நம் பிள்ளைகளும் ஒரு வகையில் குடியேறிகள்தான். அசஹானிலிருந்தும் தெபோங்கிலிருந்தும் பத்து பெரெண்டாம் தொழில் வட்டாரத்துக்கு, ஆயர் குரோவுக்கு, பெகோ கார்த் தொழிற்சாலைப் பக்கத்துக்கு வந்து அறை எடுத்துத் தங்கும் பையன்கள், பெண்கள். இரவு ஷிப்ட், ஓவர்டைம். அறையில் அடுப்பு கிடையாது, கடையில் கட்டி வாங்கும் தப்பாவ்தான். விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் திறந்திருப்பது நாசி லெமாக் கடை. தூக்கம் கெட்டால் உடம்பு இன்சுலினுக்கு ஒழுங்காகக் காது கொடுக்காது. இது ஷிப்ட் வேலை பார்ப்பவர்களிடம் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். இவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் மாதிரி நாம் திட்டுகிறோம், "வாயைக் கட்டத் தெரியல" என்று. ஐந்து வெள்ளிக்கு இரவு மூன்று மணிக்குக் காய்கறி எங்கே கிடைக்கும் என்று திட்டுகிறவர்கள் சொன்னதில்லை.

சின்ன வயதில் வரும் நீரிழிவு பெரியவர்களுக்கு வருவதைவிட முரடு. சிறுநீரகம், கண் எல்லாம் சீக்கிரம் பாதிக்கும். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவால் வருபவர்கள். 2023 தேசிய ஆய்வில் நாட்டுச் சராசரி 15.6 ஆகக் குறைந்தது ஆறுதல். ஆனால் அதே ஆய்வில், நீரிழிவு இருக்கும் 18 முதல் 29 வயதுக்காரர்களில் 84 விழுக்காட்டினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வேறு எதையும் படிக்கவில்லை.

எப்படித் தெரியும்? பிசகு நம் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பேக்கா பி40 என்ற அரசின் இலவசப் பரிசோதனைத் திட்டம் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. மருத்துவ வழிகாட்டி 30 வயதிலிருந்து பார்க்கச் சொல்கிறது. எடை கூடி, குடும்பத்தில் நோயும் இருந்தால் அதற்கும் முன்பே. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் குடும்பத்தில் இல்லை? "குடும்பத்துல இருக்குங்க" என்ற அந்த வாக்கியத்தைப் பெருமூச்சு விட்டுச் சொல்வதற்குப் பதில் கிளினிக் பதிவு மேசையில் சொல்லுங்கள். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் ஒரு வெள்ளி. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் கேளுங்கள். இரண்டாவது, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி. மலேசிய வழிகாட்டியில் 6.3 விழுக்காடு வந்தாலே நீரிழிவு, 5.7 என்றால் எல்லையில். வெளிநாட்டுத் தம்பிகளுக்கு அரசு கிளினிக்கில் கட்டணம் அதிகம். முதலாளிமார் மனசு வைத்தால் வருஷத்துக்கு ஒரு முறை தனியார் கிளினிக்கில் இந்த இரண்டு சோதனையை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். ரொட்டி வீசுகிறவர் படுத்துவிட்டால் கடைக்கு எவ்வளவு நட்டம் என்று அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லையில் நிற்பவருக்கு வழி இருக்கிறது என்பதைத் தமிழ்நாடும் நிரூபித்துக் காட்டியிருக்கிறது. சென்னையில் ராமச்சந்திரன் என்ற மருத்துவர் குழு, எல்லைக் கட்டத்தில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 26.4. நடை, மாத்திரைக்குச் சளைக்கவில்லை. அதே குழுவின் இன்னொரு ஆய்வு 2013-இல் வந்தது: வேலைக்குப் போகும் ஆண்களுக்குக் கைபேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள், இன்று நடந்தீர்களா, இதைச் சாப்பிடுங்கள் என்று. இரண்டு வருஷத்தில் செய்தி கிடைத்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது, கிடைக்காதவர்களில் 27. காலை வணக்கம் பூப்படம் அனுப்பும் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்கு இதைவிட நல்ல வேலை இருக்க முடியாது.

கடைத் தம்பி இப்போது பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் குடிக்கிறான். முதல் வாரம் முகத்தைச் சுளித்தான். சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டான்: பெரிய சாப்பாடு மாலை ஐந்து மணிக்குக் கடை நிறைவதற்கு முன்னால், இரவு சாத்தும்போது இரண்டு முட்டையும் கங்கோங் பிரட்டலும். தட்டில் காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வரச் சொன்னேன். சர்க்கரை ஏறும் வேகம் குறையும். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தும் நீரிழிவு உறுதியாகி, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம். "எளைச்சுப் போன மாதிரி இருக்கேன்னு கேக்குறாங்கண்ணே, என்ன சொல்ல?" என்கிறான். மாத்திரையை மட்டும் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் தருவித்து இஷ்டத்துக்கு விழுங்காதே, இங்கே பார்க்கும் மருத்துவரிடமே தொடர்ந்து போ என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு என்ன சொல்வது என்பதற்கு என்னிடம் பதிலில்லை.

கடைசியாக ஒரு சண்டைச் சேதி. மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலையில் கூடும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், பந்தலெல்லாம் ரோஜா சிரப், பண்டோங். எங்கள் நண்பர்கள் சேர்ந்து போடும் பந்தலில் அடுத்த முறை நீர்மோரும் வெறும் தண்ணீரும் மட்டும் கொடுக்கலாம் என்றேன். ஒரு பெரியவர் எழுந்து, "சாமி பேர்ல குடுக்குறதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்கப்பா" என்றார். இன்னொருவர் சிரப் நன்கொடையாளர் கோபித்துக்கொள்வார் என்றார். ஒரு இளம்பெண் மட்டும், பாதி மோர் பாதி சிரப் வைத்து எது முதலில் தீர்கிறது என்று பார்ப்போம் என்றாள். இப்போதைக்கு அந்த யோசனைதான் நிற்கிறது. மோருக்கு யார் தயிர் வாங்கித் தருவது என்பது இன்னும் முடிவாகவில்லை. மலாக்காவில் இருக்கும் வாசகர்கள் யாராவது ஏற்றுக்கொண்டால் சிரப் கட்சியைச் சமாளிக்க எனக்குச் சுலபமாக இருக்கும்.